நான்காவது இருக்கை

ஓஷ் நகரச் சந்தைக்குப் பின்னால்
வண்டி நிரம்பினால்தான் புறப்படும்.
இதைவிடத் துல்லியமான கால அட்டவணை
இங்கே யாரிடமும் இல்லை.

ஆறரைக்கு வந்தேன்.
இப்போது ஒன்பதே கால்.
ஓட்டுநர் எர்மெக் நான்கு விரல் காட்டி
மூன்றை மடக்குகிறார்:
இன்னும் ஒருவர்.
பிறகு என்னைக் காட்டி, இரண்டு விரல்:
இரண்டு இருக்கைக்கும் நீயே கொடுத்துவிட்டால்
இப்பவே கிளம்பலாம்.

ஐந்நூறு சோம்.
என் கணக்கில் அது ஓர் இரவுப் படுக்கை,
அல்லது ஆறு பூசணி சம்சா, தேநீர் தனி.
தலையாட்டுகிறேன், நம் ஊர்த் தலையாட்டல்.
ஆமாவா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை.
நல்லது. எனக்கும் இன்னும் தெரியாது.

தனியாகப் போகிறவளின் பாரம் ஒன்பது கிலோ.
சட்டை இரண்டு: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.
கொடியும் நான் கொண்டுவந்ததுதான், பச்சை நைலான்.
பாதி சோப்பு.
கடவுச்சீட்டின் நகல் மூன்று இடத்தில்,
டாலர் நான்கு இடத்தில்,
அதில் ஓர் இடம் எதுவென்று
தாஷ்கண்டிலிருந்தே ஞாபகமில்லை.
வயிற்றுக்கு ஒரு மாத்திரை, தலைவலிக்கு ஒன்று.
ரஷ்ய மொழியில் ஆயிரம் வரை எண்கள்,
எங்கே, எவ்வளவு, நன்றி,
பிறகு, 'இறைச்சி சாப்பிடமாட்டேன்' என்று
யாரும் நம்பாத ஒரு வாக்கியம்.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்,
துணைக்கு யாருமில்லையே, பயமில்லையா?
இருக்கிறது.
அதை எடை போடுவதில்லை, அவ்வளவுதான்.

எதற்குத்தான் வருகிறேன்?
மலை பார்க்க என்று எல்லைச் சாவடியில் சொல்வேன்.
முத்திரை குத்த அது போதும்.
உண்மையில் இந்த மாதிரிக் காலைகளுக்காக.
என்னை இங்கே யாருக்கும் தெரியாது,
நான் தாமதமாவதும் யாருக்கும் தெரியாது,
ஒரு டயரின் நிழல் சுருங்கச் சுருங்க
பூனையொன்று நகர்ந்து நகர்ந்து படுக்கிறது,
கடைசி வரை பார்க்க எனக்கு நேரமிருக்கிறது.

பத்து மணிக்கு நான்காவது பயணி வந்தது.
வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.
சிவப்பும் மஞ்சளும் பூசிய மரத்தொட்டில்.
தூக்கி வந்தவள் நுர்ஜாதா,
விடியலிலேயே முன்னிருக்கையில் சால்வை போட்டு
சந்தைக்குள் போனவள்.
சாரி மொகோலில் அவள் அக்காவுக்குப் பையன்,
பத்து நாளாகிறது.
டிக்கியில் அடங்கவில்லை. கூரையில் கட்ட அவள் விடவில்லை.
பேரம் நடந்தது, சத்தமாக, சிரித்துக்கொண்டே.
முடிவில் தொட்டிலுக்கும் ஐந்நூறு சோம்.
வண்டி முகமே பாராதவனுக்கு
முழு டிக்கெட்.

எனக்கும் மாணவன் பெக்தூருக்கும் நடுவில் அது.
முதல் வளைவிலேயே ஆடத் தொடங்கியது.
நுர்ஜாதா திரும்பிப் பார்த்துப் பதறினாள்,
பிடி, பிடி என்று கையால் காட்டினாள்.
மொழி தெரியாமலே தெரிந்தது:
வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது.
இதையே எனக்குத் தமிழில் சொல்லி
முதுகில் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

எத்தனை வளைவுக்குப் பிடித்துக்கொண்டிருப்பது?
பெக்தூர் வாய் திறந்து தூங்குகிறான்.
குல்சா தாண்டியதும்,
மடியில் இறுக்கியிருந்த பையை,
மூன்று நாட்டில் தலைக்கு வைத்துப் படுத்த பையை,
நகலும் டாலரும்
மறந்துபோன அந்த நான்காவது இடமும் உள்ள பையை
தொட்டிலில் கிடத்தினேன்.

நுர்ஜாதா பின்னால் எக்கி
தொட்டில் பட்டைகளால் அதைக் கட்டினாள்,
குழந்தையைக் கட்டுவது போலவே, கழுத்துக்கு இடம் விட்டு.
கண்ணாடியில் எர்மெக் சிரித்தார், பேர் கேட்டார்.
பைக்கா, எனக்கா?
இருவருக்கும் சேர்த்து ஒரே பேர் சொன்னேன்.

தால்திக் கணவாயில் வண்டியை நிறுத்தினார்.
வெறுங்கையோடு இறங்கினேன்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டர்.
ஜூன் மாதத்தில் பனி.
காற்று காதில் அறைந்தது, தலை விண்ணென்றது.
மாத்திரை பைக்குள்.
பை உறங்குகிறது.
எழுப்ப மனம் வரவில்லை.